பழைய லென்ஸ், புதிய கேமரா: நடுவில் ஒரு வளையம்

அடாப்டரைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எதிர்ச்சுவர் தெரியும். உள்ளே கண்ணாடி இல்லை, மின்சுற்று இல்லை. ஒரு முனையில் பழைய லென்ஸும் மறுமுனையில் கேமராவும் பூட்டிக்கொள்ளத் தோதாகக் கடைந்தெடுத்த உலோக வளையம், அவ்வளவுதான். ‘வெறும் வளையத்துக்கா இவ்வளவு விலை?’ என்று முதல்முறை வாங்குகிறவர்கள் கேட்பார்கள். அந்த வெற்றிடத்தின் நீளத்துக்குத்தான் விலை. லென்ஸை வடிவமைத்தவர் அது ஃபிலிமிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டாரோ, அதே தூரத்தில் கோணாமல், ஆடாமல் பிடித்து வைக்க வேண்டும். அடாப்டருக்கு வேறு வேலை கிடையாது. இந்த அத்தியாயத்தின் பாதி விஷயம் அந்தத் தூரத்தைச் சுற்றியே வரும். அது சரியாக அமைந்துவிட்டால், நாற்பது வருஷம் பீரோவில் கிடந்த லென்ஸ் இன்றைய சென்சாரில் உங்களைத் திகைக்க வைக்கும்.

மிரர்லெஸ்ஸில் ஏன் முடிகிறது?

ஃபிலிம் காலத்து எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். பட்டனை அழுத்தினால் மேலே எழுந்து வழிவிடும். அது எழுந்து இறங்க இடம் வேண்டும் என்பதால் லென்ஸை நாலரை சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளி வைத்தார்கள். மவுண்டின் உலோக முகத்திலிருந்து ஃபிலிம் வரை உள்ள இந்த இடைவெளிக்கு ஃப்ளாஞ்ச் தூரம் என்று பெயர். எம்42 திருகு மவுண்டுக்கு 45.46 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5, ஒலிம்பஸ் ஓஎம்முக்கு 46, மினோல்டாவுக்கு 43.5, கேனன் எஃப்டிக்கு 42.

மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லாததால் மவுண்ட் சென்சாருக்கு வெகு அருகில் வந்துவிட்டது. சோனி இ மவுண்டில் 18 மி.மீ., ஃபியூஜி எக்ஸில் 17.7, கேனன் ஆர்எஃப்பில் 20, நிக்கான் ஸெட்டில் 16. இனி வெறும் கழித்தல் கணக்குதான். எம்42 லென்ஸை சோனியில் மாட்ட வேண்டுமானால் 45.46-இலிருந்து 18 போக 27.46 மி.மீ. நீளமுள்ள வளையம் வேண்டும். நிக்கான் எஃப் லென்ஸை நிக்கான் ஸெட்டில் மாட்ட 30.5 மி.மீ. மிச்சம் இருக்கும் இடத்தில் வளையம் உட்கார்ந்துகொள்கிறது.

மிச்சம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கேனன் எஃப்டி லென்ஸ்களின் கதையே போதும். 1987-இல் கேனன் எஃப்டியை விட்டுவிட்டு இஎஃப் மவுண்டுக்கு மாறியது. இஎஃப்பின் தூரம் 44 மி.மீ.; எஃப்டி லென்ஸ் கேட்பதோ 42. ஏற்கெனவே 2 மி.மீ. கூடிப்போன இடத்தில் வளையத்தை எங்கே செருகுவது? நடுவே திருத்தும் கண்ணாடி ஒன்றை வைத்தால்தான் தூரத்துக் காட்சி தெளியும். அந்தக் கண்ணாடி லென்ஸின் தரத்தைக் கெடுக்கும். அதனால் அருமையான எஃப்டி லென்ஸ்கள் இருபது வருஷத்துக்கு மேல் போக்கிடம் இல்லாமல் பெட்டிகளில் கிடந்தன. 2008-இல் பானசோனிக் ஜி1, 2010-இல் சோனி நெக்ஸ், 2013-இல் முழுச்சட்டச் சென்சாரோடு சோனி ஏ7 என்று வரிசையாக வந்த பிறகுதான் அவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

பத்தில் ஒரு மில்லிமீட்டர்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். காசை மிச்சப்படுத்தித் தரப்போவது இதுதான்.

அடாப்டர் இருக்க வேண்டியதைவிட நீளமாக இருந்தால் லென்ஸால் தூரத்தைத் தெளிவாகப் பிடிக்க முடியாது. எவ்வளவு தூரம் வரை பிடிக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. லென்ஸின் குவியத் தூரத்தை அதனாலேயே பெருக்குங்கள். வருவதை, அடாப்டர் எத்தனை மி.மீ. கூடுதலோ அதனால் வகுங்கள். 50 மி.மீ. லென்ஸ், பத்தில் ஒரு மி.மீ. கூடுதல் என்றால் 2,500-ஐ 0.1-ஆல் வகுக்க 25,000 மி.மீ., அதாவது 25 மீட்டர். அதற்கு அப்பால் உள்ள எதுவும் முழுத் தெளிவுக்கு வராது. அதே அடாப்டரில் 28 மி.மீ. லென்ஸை மாட்டினால் எட்டு மீட்டரைத் தாண்டாது. 135 மி.மீ. லென்ஸில் 180 மீட்டர் வரை பிடிக்கும். குறை கண்ணிலேயே படாமல் போகலாம். அடாப்டரின் கோளாறை முதலில் காட்டிக்கொடுப்பது வைட் லென்ஸ்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் வாங்கிய அடாப்டரில் 50 மி.மீ. லென்ஸால் வீட்டுக்குள்ளும் தெருவிலும் எடுத்த படங்கள் எல்லாம் நன்றாகவே வந்தன. அடுத்து ஒரு 28 மி.மீ. வாங்கினேன். அதில் கோயில் கோபுரத்தை எப்படி எடுத்தாலும் மங்கல். வாசலில் நிற்கிறவர் முகம் தெளிவு, பின்னால் கோபுரம் பஞ்சு. லென்ஸ் சரியில்லை என்று முடிவுகட்டி, வாங்கிய விலைக்கும் குறைத்து ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். பல மாதம் கழித்து வெர்னியர் காலிப்பரில் அடாப்டரை அளந்தபோது 27.58 மி.மீ. இருந்தது. 0.12 கூடுதல். கணக்குப் போட்டால் ஆறரை மீட்டர். அந்த லென்ஸ்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆகவே அடாப்டர் கைக்கு வந்த அன்றே சோதித்துவிடுங்கள். உங்களிடம் இருப்பதில் மிகவும் வைட்டான லென்ஸை மாட்டுங்கள். மாடிக்குப் போய், குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் செல்போன் கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறி வரை திருப்பி, கேமராத் திரையில் காட்சியைப் பெரிதாக்கிப் பாருங்கள். வளையம் கடைசியில் முட்டும்போதும் காட்சி ‘இன்னும் கொஞ்சம் போனால் தெளிந்துவிடும்’ என்கிற நிலையிலேயே நின்றால் அடாப்டர் நீளம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முட்டுவதற்குச் சற்று முன்பே தெளிந்து, கடைசியில் மறுபடி மங்கினால் அடாப்டர் துளி குட்டை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே இப்படித்தான் செய்கிறார்கள். எந்த லென்ஸும் தூரத்தைப் பிடித்துவிட வேண்டும் என்பதற்கான முன்ஜாக்கிரதை அது. இதனால் படம் கெடாது. ஆனால் லென்ஸின் மேல் பொறித்த தூர அளவுகள் இனி உண்மை சொல்லாது. அளவைப் பார்த்து ஃபோகஸ் வைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு சோதனைகள். லென்ஸை மாட்டியபின் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். மவுண்டில் ஆட்டம் இருந்தால் படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மசங்கலாகவும் வரும். பிறகு அடாப்டரின் உட்புறத்தில் டார்ச் அடியுங்கள். பளபளவென்று மின்னினால், வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும் படங்களெல்லாம் வெளிறிப்போகும். கறுப்பு வெல்வெட் காகிதத்தை அளந்து வெட்டி உட்புறம் ஒட்டிவிட்டால் இது தீர்ந்துவிடும். ஓர் ஓரமும் பிரிந்து தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுபோல் தோன்றும் திருகுகள்

எம்42 என்றால் 42 மி.மீ. விட்டம், புரிக்குப் புரி 1 மி.மீ. இடைவெளி. டி மவுண்ட் என்று ஒன்று உண்டு. அதுவும் 42 மி.மீ. விட்டம்தான், ஆனால் புரி இடைவெளி 0.75. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றில் மற்றதைத் திருகினால் ஓரிரு சுற்று போய் இறுகும். அங்கே பலம் காட்டினால் இரண்டின் புரியும் போச்சு. இறுகினால் நிறுத்துங்கள், அடாப்டரின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

எம்39-இல் இதைவிட நுட்பமான சிக்கல். லைகா திருகு மவுண்டும் ஆரம்பகால ஸெனிட் கேமராவின் மவுண்டும் 39 மி.மீ. திருகுதான், புரியும் பொருந்தும். ஆனால் லைகாவின் தூரம் 28.8 மி.மீ., ஸெனிட்டின் தூரம் 45.2. லைகா லென்ஸை ஸெனிட் அடாப்டரில் போட்டால் அழகாக உட்காரும். ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் இருக்கும் பொருள் மட்டும் தெளியும், மற்றதெல்லாம் புகை. எதிர்மாறாகப் போட்டால் எதுவுமே தெளியாது. எம்39 என்று யாராவது விற்றால், எந்தக் கேமராவிலிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எம்42 லென்ஸ்கள் சிலவற்றின் பின்புறம் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால்தான் அப்பர்ச்சர் மூடும். லென்ஸில் ‘ஆட்டோ–மேனுவல்’ ஸ்விட்ச் இருந்தால் மேனுவலில் வைத்தால் போதும். ஸ்விட்ச் இல்லாத லென்ஸ்களுக்கு, உட்புறம் விளிம்பு வைத்து ஊசியை அழுத்தும் வகை அடாப்டர் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் எஃப்16 வைத்தாலும் லென்ஸ் முழுக்கத் திறந்தே இருக்கும். கேனன் எஃப்டி அடாப்டரில் ‘லாக்–ஓபன்’ என்று ஒரு வளையம் இருக்கும். லென்ஸைப் பூட்டியபின் அதை லாக் பக்கம் திருப்ப மறந்தால் இதே கதைதான். நிக்கானின் ஜி வகை லென்ஸில் அப்பர்ச்சர் வளையமே கிடையாது. அதற்குத் தனி வளையம் உள்ள அடாப்டர்கள் வருகின்றன, எண்கள் இல்லாமல் அந்தாசாகத் திருப்ப வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸையே வாங்கட்டும்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் வைட் லென்ஸ்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவற்றின் பின் கண்ணாடி சென்சாரை ஒட்டி வரும். ஒளி மிகவும் சாய்வாக விழுவதால் பல கேமராக்களில் ஓரங்கள் இழுபட்டும் நிறம் மாறியும் தெரியும். ரஷ்ய ஜூபிட்டர்-12 போன்றவற்றில் பின்புறம் நீட்டிக்கொண்டிருப்பது சில கேமராக்களின் உள்ளே முட்டவும் கூடும்.

முதல் லென்ஸ்

ஏதாவது ஒரு 50 மி.மீ. வாங்குங்கள் என்பதுதான் என் பதில். பென்டாக்ஸ், நிக்கான், மினோல்டா, ஒலிம்பஸ், கேனன் என யார் செய்த 50 மி.மீ. எஃப்1.8 ஆனாலும் எஃப்4-க்கு மூடினால் இன்றைய கேமராவிலும் பிசிறில்லாமல் வரும். அந்தக் காலத்தில் கேமராவோடு கூடவே கொடுத்த லென்ஸ் என்பதால் ஏராளமாகச் செய்தார்கள். இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது.

இந்த வகையில் தனிக் குணம் உள்ள ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப்2, எம்42 திருகு. இதன் மூதாதை, ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் ஸைஸ் நிறுவனம் செய்த பயோட்டார் 58 எஃப்2. பயோட்டார் வரிசையைக் கணக்கிட்டு வடிவமைத்தவர் வில்லி மெர்ட்டே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த வடிவம் சோவியத் யூனியனுக்குப் போய், மாஸ்கோவை ஒட்டிய க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையில் ஹீலியோஸ் ஆனது. ஸெனிட் கேமராக்களோடு அடுத்த பல பத்தாண்டுகள் இதைச் செய்துகொண்டே இருந்தார்கள். முன்வளையத்தில் உள்ள வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் செய்த வருஷத்தைச் சொல்லும். 81 என்று தொடங்கினால் 1981.

இதில் இரண்டு அப்பர்ச்சர் வளையங்கள் இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். ஒன்று எண்ணுக்கு எண் டிக்கென்று நிற்கும். அதில் உங்களுக்கு வேண்டிய எண்ணை, எஃப்5.6 என்று வையுங்கள். மற்றது வழுக்கிக்கொண்டு சுழலும். அது எஃப்2-க்கும் நீங்கள் வைத்த 5.6-க்கும் நடுவே மட்டும் போய்வரும். முழுக்கத் திறந்து ஃபோகஸ் பார்த்துவிட்டு, கண்ணை எடுக்காமலே ஒரே திருப்பில் 5.6-க்கு மூடிவிடலாம். அந்தக் காலத்தில் இருட்டிப்போகும் வியூஃபைண்டருக்காகச் செய்த ஏற்பாடு, மிரர்லெஸ்ஸுக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது.

ஹீலியோஸின் பேர் பரவியது அதன் சுழலும் பின்னணியால். வேப்பமரத்தடியில் ஒருவரை நிறுத்திச் செய்து பாருங்கள். முழுச்சட்டக் கேமரா, எஃப்2. ஆளுக்கும் உங்களுக்கும் இரண்டு மீட்டர். ஆளுக்குப் பின்னால் நாலைந்து மீட்டர் தள்ளி மரம். காலை வெயில் இலைகளின் இடுக்கு வழியாகப் பொட்டுப்பொட்டாகக் கசிந்து வர வேண்டும். படத்தின் நடுவில் அந்தப் பொட்டுகள் வட்டமாக இருக்கும். ஓரம் போகப்போகக் குறுகி, பூனைக் கண்போல் நீண்டு, நடுவிலிருக்கும் முகத்தைச் சுற்றி வலம் வருவதுபோல் சாயும். ஓரத்து ஒளியை லென்ஸின் குழாயே ஓரளவு மறைப்பதாலும், ஓரங்களில் பிம்பம் முழுக்கத் திருத்தப்படாததாலும் வருவது இது. எஃப்4-க்கு மூடினால் மாயம் கலைந்துவிடும். வெறும் சுவர் முன்னால் நிறுத்தினாலும் ஒன்றும் தெரியாது. ஏபிஎஸ்-சி சென்சார் ஓரங்களை வெட்டிவிடுவதால் அதில் சுழல் பாதியாகக் குறையும். இது தெரியாமல் வாங்கிவிட்டு, ‘என் லென்ஸில் வரவில்லை’ என்று வருந்துகிறவர்கள் உண்டு.

இன்னொன்று பென்டாக்ஸின் சூப்பர் டகுமார் 50 எஃப்1.4. ஃபோகஸ் வளையம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சுழலும். இதன் பிந்தைய வகையில் ஒரு கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. காலப்போக்கில் அது தேநீர் நிறத்துக்குப் பழுத்துவிடும். படம் எடுப்பதற்கு இந்தக் கதிரியக்கம் குறித்துக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ, கண்ணோடு ஒட்டி உருப்பெருக்கியாகப் பயன்படுத்தவோ கூடாது. புறஊதா ஒளி பட்டால் மஞ்சள் தெளியும். வெயிலில் வைக்கச் சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் இதழ்களில் வழியும். ஒளி குவிந்து நெருப்புப் பிடிக்கவும் வாய்ப்புண்டு. சிறிய புறஊதா எல்இடி விளக்கின் கீழே சில நாள் வைப்பதே பத்திரம்.

டார்ச் இல்லாமல் லென்ஸ் வாங்காதீர்கள்

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான கேமரா மெக்கானிக் இருந்தார். நான் பெருமையாகக் கொண்டுபோன லென்ஸை வாங்கி, இரண்டு பக்க மூடியையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து பேனா டார்ச்சைச் சாய்த்து அடித்தார். ‘மேலாகப் பார்த்தா கண்ணாடிதான் தெரியும் தம்பி. இப்படிப் பாருங்க’ என்று என் பக்கம் நீட்டினார். தெளிவாகத் தெரிந்த கண்ணாடிக்குள், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல்போல் வெள்ளை இழைகள் கிளைவிட்டிருந்தன. பூஞ்சை. ‘தொடச்சா போகும். ஆனா தடம் போகாது’ என்றார். பூஞ்சை வெளிவிடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்டால் அது திரும்பாது என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

அவர் செய்ததுபோலவே செய்யுங்கள். நூல்போல் கிளைத்திருந்தால் பூஞ்சை. சீராகப் பால் ஊற்றியதுபோல் இருந்தால் எண்ணெய்ப் படலம். ஓரத்தில் வானவில் நிறத் திட்டு இருந்தால் கண்ணாடிகளை ஒட்டிய பசை பிரிகிறது. முதலிரண்டையும் நல்ல மெக்கானிக் சரிசெய்யக்கூடும், மூன்றாவதை விட்டுவிடுங்கள். தூசிப் பொட்டுகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், படத்தில் அநேகமாகத் தெரியாது. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் வேண்டாம்.

அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் ஃபிலிம் கேமராவுக்குப் பெரிய குறை. இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். நமக்கு அப்படியில்லை. அடாப்டரில் நாமே முன்கூட்டி மூடிவைக்கிறோம். இதழ்கள் ஒட்டிக்கொள்ளாமல் முழுக்க மூடித் திறந்தால் போதும். ஃபிலிம்காரர்கள் ஒதுக்கிய இந்த மாதிரி லென்ஸ்களை நாம் மலிவாக வாங்கலாம். ஃபோகஸ் வளையம் கல்லாக இறுகியிருந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. பழைய ரஷ்ய லென்ஸ்களில் சகஜம், மாற்றிவிடலாம். பலவந்தமாகத் திருப்பாதீர்கள்.

கேமராவுக்குச் சொல்ல வேண்டியவை

லென்ஸை மாட்டி பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கேமராவைப் பொறுத்தவரை எதிரே லென்ஸே இல்லை. மெனுவில் தேடி சோனியில் ‘ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்’, ஃபியூஜியில் ‘ஷூட் வித்அவுட் லென்ஸ்’ என்பதை இயக்குங்கள். அப்பர்ச்சர் ப்ரையாரிட்டியில் வைத்தால் நீங்கள் வளையத்தைத் திருப்பத் திருப்ப கேமராவே ஷட்டர் வேகத்தை மாற்றிக்கொள்ளும். படக் குறிப்பில் அப்பர்ச்சர் எண் பதிவாகாது. வேண்டுமானால் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேமராவின் உடலுக்குள்ளேயே நடுக்கத் தடுப்பு இருந்தால், லென்ஸின் குவியத் தூரத்தை அதற்குக் கையால் சொல்ல வேண்டும். நிக்கான் ஸெட்டில் ‘நான்-சிபியூ லென்ஸ் டேட்டா’ என்ற இடத்தில் லென்ஸ்வாரியாகச் சேமிக்கலாம். 135-இல் எடுத்துவிட்டு 28 மாட்டும்போது மாற்ற மறந்தால், கேமரா தேவைக்கு மேல் சென்சாரை ஆட்டி நன்றாக வரவேண்டிய படத்தையும் கலைத்துவிடும். ஏபிஎஸ்-சி சென்சாரில் 58 மி.மீ. லென்ஸின் பார்வை 87 மி.மீ. போலக் குறுகும் என்பது தெரிந்ததுதான். ஆனால் நடுக்கத் தடுப்புக்கு 58 என்றே சொல்ல வேண்டும். பெருக்கல் வேண்டாம். 0.71 மடங்கு சுருக்கும் கண்ணாடி வைத்த அடாப்டரில் பார்வை மறுபடி அகன்று ஒரு ஸ்டாப் வெளிச்சமும் கூடும். நல்லது விலை அதிகம், மலிவானது ஓரங்களைக் குழப்பும்.

ஒரு எச்சரிக்கை. கேமராவின் சொந்த லென்ஸ் பல நேரம் தானே அப்பர்ச்சரை மூடிக்கொள்ளும். பழைய லென்ஸ் திறந்தால் திறந்தபடியே இருக்கும். சூரியனை நேரே பார்த்தபடி கேமராவைத் தோளிலோ மேசையிலோ விட்டால் ஒளி குவிந்து ஷட்டர் திரையையோ சென்சாரையோ பொசுக்கிவிடும். எடுக்காத நேரத்தில் மூடி போட்டே வையுங்கள்.

கை ஃபோகஸ்

ஃபோகஸ் பீக்கிங் என்பது தெளிவான விளிம்புகளில் சிவப்போ மஞ்சளோ பூசிக் காட்டும் வசதி. அதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எஃப்2-இல் முகத்தை எடுக்கும்போது புருவமும் மூக்கும் காதும் எல்லாம் சேர்ந்து மினுங்கும். ஒன்றரை மீட்டரில் 58 மி.மீ. எஃப்2-க்குத் தெளிவின் ஆழம் கணக்குப்படி சுமார் 8 செ.மீ.; பெரிதாக்கிப் பார்த்தால் அதிலும் கண் தெளிவாக இருக்கிறதா, இமை தெளிவாக இருக்கிறதா என்பது தெரியும். காட்சியைப் பெரிதாக்கும் வசதியைக் கட்டைவிரலுக்கு எட்டும் ஒரு பட்டனில் வைத்துக்கொண்டு, கண்ணின் கருவிழி விளிம்பில் ஃபோகஸ் வையுங்கள். வைத்தவுடன் எடுத்துவிடுங்கள். ஃபிரேமைத் திருத்திக்கொண்டிருந்தால் அதற்குள் நீங்களோ எதிரில் இருப்பவரோ இரண்டு சென்டிமீட்டர் அசைந்திருப்பீர்கள். மூன்று நான்கு படம் தொடர்ந்து எடுப்பது வீணல்ல.

தெருவில் வேறு முறை. 28 மி.மீ. லென்ஸை எஃப்8-இல் வைத்து 3.3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், முழுச்சட்டக் கேமராவில் 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் போதிய தெளிவில் இருக்கும். பிறகு ஃபோகஸையே தொட வேண்டாம். சந்தையில் காய்கறி விற்கும் அம்மாவின் கை தராசை உயர்த்தும் கணத்தில், எந்த ஆட்டோஃபோகஸும் யோசித்து முடிப்பதற்குள் நீங்கள் எடுத்திருப்பீர்கள். அடாப்டர் துளி குட்டையாக இருந்தால் லென்ஸின் மேல் உள்ள எண் பொய் சொல்லும் என்றேனே, அது இங்கேதான் காலை வாரும். டேப் வைத்து 3.3 மீட்டர் அளந்து ஒரு நாற்காலியை வையுங்கள். திரையில் பெரிதாக்கி அதன்மேல் ஃபோகஸ் வையுங்கள். வளையம் நிற்கும் இடத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு சின்னக் கோடு. இனி உங்கள் கேமராவுக்கும் அடாப்டருக்கும் அந்தக் கோடுதான் உண்மையான அளவு.

வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும்போது பழைய மேல்பூச்சு திணறும். ஹீலியோஸ் 44-2-க்கு 49 மி.மீ. திருகு ஹூட் பொருந்தும், வாங்கிவிடுங்கள்.

வைத்துக் காப்பது

கடற்கரை ஊர்களில் மழைக்காலம் லென்ஸுக்கு எதிரி. பழைய தோல் உறையில் லென்ஸை வைக்காதீர்கள். பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. உறை அழகாக இருந்தால் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பத அளவி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது. மாற்றுங்கள் அல்லது பாக்கெட்டில் சொன்னபடி சூடாக்கி மறுபடி போடுங்கள். அரிசியில் புதைத்து வைக்கும் வழக்கம் வேண்டாம், மாவுத்தூசி ஃபோகஸ் புரிக்குள் போகும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துப் போகும்போது பைக்குள்ளேயே கால்மணி நேரம் விட்டுப் பிறகு திறந்தால் கண்ணாடி வியர்க்காது.

எல்லாவற்றையும்விட, பயன்படுத்துங்கள். வெளிச்சத்தையும் காற்றையும் பார்க்கும் லென்ஸில் பூஞ்சை அவ்வளவு சுலபமாகப் பிடிப்பதில்லை.

கடைக்கோ இணையத்துக்கோ போவதற்கு முன், உறவுக்காரர்கள் வீட்டில் ஒருமுறை கேளுங்கள். கல்யாணத்துக்குப் படம் எடுத்த மாமாவிடமோ, மூடிப்போன ஸ்டூடியோக்காரரிடமோ, ஒரு கேமராவும் அதன் மூக்கில் ஒரு 50 மி.மீ. லென்ஸும் இருக்கக்கூடும். கேமரா ஓடாது என்று அவர்கள் சொல்வார்கள். நமக்கு வேண்டியது லென்ஸ்தான். டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள்.